மீன் முள்ளுக்குச் சோற்று உருண்டை வேண்டாம்

காது, மூக்கு, தொண்டை: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர்களின் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன: இன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா, இரண்டு நாள் பார்க்கலாமா? அதனால் தேவைப்பட்ட பதில்களில் அந்த நாள் கணக்கையும் சொல்லிவிடுகிறோம்.

முந்தாநாள் கெம்போங் மீன் சாப்பிடும்போது மாமியாருக்குத் தொண்டையில் முள் சிக்கிவிட்டது. சோற்றை உருட்டி விழுங்க வைத்தோம், வாழைப்பழமும் கொடுத்தோம். இன்னும் எச்சில் விழுங்கினால் கழுத்தின் கீழ்ப்பக்கம் குத்துகிறது. ‘முள் இறங்கிவிட்டது, கீறின வலிதான்’ என்கிறார் மாமனார். மாமியாருக்குப் பொய்ப்பல். என்ன செய்யலாம்?
*வாசகி, பட்டர்வொர்த்*

இன்றே அழைத்துப் போங்கள். போகும்வரை சாப்பாடும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டுப் பார்க்க நேர்ந்தால் வயிறு காலியாக இருக்க வேண்டும்.

கீறல் வலி என்று ஒன்று இருப்பது உண்மைதான். முள் போன பிறகும் ஒன்றிரண்டு நாள் உறுத்தும். ஆனால் அது நாளுக்கு நாள் குறையும். குறையாமல் ஒரே இடத்தில், ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் ஊசி போலக் குத்தினால் முள் உள்ளே இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கே குத்துகிறது என்பது முக்கியம். ‘இந்தப் பக்கம், இங்கே’ என்று தாடைக்குக் கீழே விரல் வைத்துக் காட்ட முடிந்தால், பெரும்பாலும் டான்சிலிலோ நாக்கின் அடியிலோ நின்றிருக்கும். தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, நாக்கைத் துணியால் பிடித்து முன்னே இழுத்து, மரத்துப்போகும் ஸ்பிரே அடித்து, வளைந்த இடுக்கியால் எடுத்துவிடலாம். சில நிமிட வேலை. கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை விட்டு நாக்கின் வேரையும் குரல்வளையைச் சுற்றியும் பார்ப்பார்கள். ஸ்பிரே அடித்த பிறகு ஒரு மணி நேரமாவது எதுவும் விழுங்கக் கூடாது. மரத்த தொண்டையில் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

உங்கள் மாமியாருக்குக் கழுத்தின் கீழ்ப்பக்கம் குத்துகிறது. அங்கே உணவுக்குழாயின் வாய் இருக்கிறது. குறுகலான இடம், முள் நின்றுவிடும். வாய் வழியாகப் பார்த்தால் தெரியாது. எக்ஸ்ரேயில் தெரியவில்லை என்றாலும் இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் மெல்லிய மீன் முட்கள் பல எக்ஸ்ரேயில் விழுவதே இல்லை. சந்தேகம் இருந்தால் சிடி ஸ்கேன் எடுப்பார்கள். அங்கே இருப்பது உறுதியானால் முழு மயக்கத்தில்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

பொய்ப்பல்லைப் பற்றி எழுதியது நல்லது. மேல்தட்டுப் பல்செட் அண்ணத்தை மூடிவிடுகிறது. முள் இருப்பதை நமக்கு உணர்த்துவது அண்ணமும் நாக்கும் சேர்ந்துதான். பாதி உணர்வு போனவர்களுக்கு முள் தெரியாமலே இறங்கிவிடும். பல்செட் போட்ட பெரியவர்களுக்கு மீனைக் கையால் பிசைந்து, முள் எடுத்துக் கொடுங்கள்.

இனி சோற்று உருண்டைக்கு வருவோம். மேலோட்டமாக நின்ற முள்ளைச் சோறும் பழமும் அழுத்தி உள்ளே இறக்குகின்றன, அல்லது முனையை ஒடித்து வெளியே பிடி இல்லாமல் செய்துவிடுகின்றன. சிலருக்கு உருண்டையோடு முள் இறங்கித்தான் போகிறது. ஆனால் இறங்காதவர்களுக்கு ஐந்து நிமிட வேலை மயக்க ஊசி வேலையாக மாறுகிறது. எலுமிச்சைச் சாறும் வினிகரும் முள்ளைக் கரைக்காது. விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தால் கிழியும்.

காய்ச்சல், கழுத்து வீக்கம், எச்சில்கூட விழுங்க முடியாமல் வழிவது, எச்சிலில் ரத்தம், நெஞ்சிலோ முதுகிலோ வலி, கழுத்துத் தோலைத் தொட்டால் நறநறவென்று காற்று நகர்வது: இவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக்கில் உட்காராமல் நேரே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். உணவுக்குழாய் துளைபட்டுச் சீழ் நெஞ்சுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

வியாழக்கிழமை காலை எழுந்தபோது வலது காது அடைத்துக்கொண்டது. உய்ய்ய் என்று ஓயாத சத்தம். ஃபார்மசியில் அழுக்கு என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். நான்கு நாளாகிறது, ஒன்றும் மாறவில்லை. வயது 52, இனிப்புநீர் உண்டு.
*வாசகர், செந்தூல்*

இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

குளிக்கும்போது தண்ணீர் பட்டு அழுக்கு ஊறி அடைத்துக்கொள்வது உண்டு. ஆனால் சளி இல்லை, வலி இல்லை, குளிக்கவும் இல்லை, தூங்கி எழுந்தால் ஒரு காது போய்விட்டது என்றால் அது உட்காது நரம்பின் திடீர்ச் செவிடாக இருக்கலாம். கேட்கும் திறன் அடுத்தடுத்த மூன்று ஒலி அலைவரிசைகளில் 30 டெசிபல் (சத்த அளவு) அல்லது அதற்கு மேல், 3 நாளுக்குள் இறங்கினால் அதுதான். சிலருக்குத் தானாகவே திரும்பும். யாருக்குத் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. மருந்து வேலை செய்யும் காலம் முதல் இரண்டு வாரம். அதிலும் முதல் சில நாள்தான் பொன்னான நேரம். அடைப்பு என்று நினைத்துச் சொட்டு மருந்தில் பத்து நாள் கழிப்பதுதான் இதில் நடக்கிற பெரிய இழப்பு.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்ம்’ என்று அடித்தொண்டையில் முனகுங்கள். சத்தம் அடைத்த காதில் பெரிதாகக் கேட்டால் அழுக்கோ நடுக்காது நீரோ தடுக்கிறது. ஒரு விரலால் காதைப் பொத்திக்கொண்டு முனகிப் பாருங்கள், பொத்திய பக்கம் சத்தம் கூடுவது புரியும். மாறாக, நல்ல காதில் பெரிதாகக் கேட்டால் அடைத்த காதின் நரம்பு வேலை செய்யவில்லை என்று பொருள். அன்றே கிளம்ப வேண்டும். மருத்துவர் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதே சோதனைதான். உறுதி செய்வது, கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம்.

அரசாங்க கிளினிக்கில் வழக்கமான வரிசையில் நின்றால் சிறப்பு மருத்துவரைப் பார்க்கப் பல வாரம் கழித்துத் தேதி கிடைக்கலாம். இது அப்படிக் காத்திருக்கும் நோய் இல்லை. கவுண்டரில் மலாயில் ‘தெலிங்கா செபெலா திபா-திபா தக் டெஙார்’ என்று சொல்லுங்கள். ஒரு காது திடீரென்று கேட்கவில்லை என்பதுதான் அது. ‘காது அடைப்பு’ என்று மட்டும் சொன்னால் அழுக்குக்காரர்களோடு சேர்த்து உட்கார வைத்துவிடுவார்கள். பினாங்கு பொது மருத்துவமனை, கோலாலம்பூர் பொது மருத்துவமனை, மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையம், செராஸிலுள்ள துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை எல்லாவற்றிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது.

சிகிச்சை பெரும்பாலும் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை: எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம், அதிகபட்சம் நாளுக்கு 60, காலையில் பசியாறிய பிறகு, 7 முதல் 14 நாள். இனிப்புநீர்க்காரர்களுக்கு இது சர்க்கரையை ஏற்றும். அதற்குப் பயந்து வேண்டாம் என்று எழுந்து வந்துவிடாதீர்கள். சர்க்கரையை அடிக்கடி சோதித்து மருந்தைக் கூட்டிக்கொள்ளலாம். அதுவும் முடியாது என்றால் செவிப்பறை வழியாக மெல்லிய ஊசியால் நடுக்காதுக்குள் அரை மில்லி அளவு ஸ்டீராய்டைச் செலுத்துவார்கள். உடம்புச் சர்க்கரையை அது அதிகம் அசைப்பதில்லை. ஊசி போட்ட பிறகு அந்தக் காது மேலே இருக்கும்படி அரைமணி நேரம் படுத்திருக்க வேண்டும். முடிந்தவரை விழுங்காமல், பேசாமல் இருங்கள். விழுங்கினால் மருந்து தொண்டைக்கு வடிந்துவிடும்.

பிறகு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள். கேட்கும் நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்று பார்ப்பதற்கு. பெரும்பாலோருக்கு இருக்காது, ஆனாலும் எடுத்துவிடுங்கள். காது கேளாததோடு வாய் கோணியது, பேச்சுக் குழறியது, கைகால் இழுத்தது என்றால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 999.

வாரம் ஒருமுறை பிள்ளைகளுக்கு நல்லெண்ணெய் காய்ச்சிக் காதில் விடுவது எங்கள் வீட்டு வழக்கம். இப்போது எனக்கே காதில் தாங்க முடியாத அரிப்பு. பட்ஸ் போட்டால் சுகமாக இருக்கிறது, பிறகு இன்னும் அரிக்கிறது.
*வாசகி, கெப்போங்*

காளான் பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். நம் ஊர் வெக்கைக்கும் ஈரத்துக்கும் இது சர்வசாதாரணம். காதுக்குள் பார்த்தால் நனைந்த செய்தித்தாளைக் கசக்கித் திணித்தது போலச் சாம்பல் நிறத்தில் இருக்கும், மேலே கரும்புள்ளிகள். வெண்தயிர் போல இருப்பது இன்னொரு வகை. எண்ணெய் அந்த ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கிறது, பட்ஸ் தோலைக் கீறிக் காளானுக்கு இடம் செய்து கொடுக்கிறது.

காதுக்குழல் பெரியவர்களுக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர். அழுக்கு உண்டாவது வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கில் மட்டும். குழலின் தோல் செவிப்பறையிலிருந்து வாசலை நோக்கித் தானே நகர்ந்துகொண்டிருக்கிறது, குரும்பியையும் சுமந்துகொண்டு. பட்ஸின் நுனியில் வருவது கொஞ்சம், மீதியை அது உள்ளே தள்ளிக் கெட்டிப்படுத்துகிறது. செவிப்பறைக்கு எதிரே அழுக்குச் சுவர் எழுந்த காதுகளில் பெரும்பாலானவை தினமும் சுத்தம் செய்யப்பட்டவை. இயல்பான காதுக்கு எண்ணெய் தேவையே இல்லை. குளித்த பிறகு வெளிக்காதைத் துண்டால் ஒற்றிவிட்டால் போதும்.

காளானுக்கு மருத்துவர் முதலில் உறிஞ்சுகுழாயால் சுத்தம் செய்வார். அதுதான் பாதிச் சிகிச்சை. குப்பைக்கு மேல் மருந்து விட்டால் தோலுக்குப் போய்ச் சேராது. பிறகு 1 சதவீத க்ளோட்ரிமசோல் சொட்டு மருந்து, 3 முதல் 4 சொட்டு, நாளுக்கு இரண்டு மூன்று முறை. அரிப்பு மூன்றாம் நாளே அடங்கிவிடும். அங்கே நிறுத்துவதால்தான் மறுபடி வருகிறது. அரிப்பு போன பிறகும் இரண்டு வாரம் விடுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்தைத் தொடாதீர்கள், அது காளானை வளர்க்கும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சில ஆன்டிபயாட்டிக் சொட்டுகள் உட்காதையே கெடுக்கும்.

விடும் முறை: குப்பியை உள்ளங்கையில் இரண்டு நிமிடம் வைத்துச் சூடாக்குங்கள். குளிர்ந்த மருந்து தலை சுற்ற வைக்கும். ஒருக்களித்துப் படுத்து, பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னும், சின்னப் பிள்ளைகளுக்குக் கீழும் பின்னும் இழுத்துக் குழலை நேராக்குங்கள். விட்டதும் காதுக்கு முன்னாலுள்ள சின்னச் சதைத் துண்டை நான்கைந்து முறை அழுத்தி விடுங்கள். அப்போதுதான் மருந்து அடிவரை போகும். ஐந்து நிமிடம் அப்படியே படுங்கள். குளிக்கும்போது பஞ்சில் வாஸ்லின் தடவி வாசலில் வைத்து, குளித்தவுடன் எடுத்துவிடுங்கள்.

எண்ணெய்க் குளியலை நிறுத்தச் சொல்லவில்லை. தலைக்குத் தேயுங்கள், காதுக்குள் மட்டும் வேண்டாம். காய்ச்சிய எண்ணெய் ஆறிவிட்டதா என்று விரலில் தொட்டுப் பார்த்தது போதாது. செவிப்பறை வெந்து துளை விழுந்த பிள்ளைகள் உண்டு. ஒரே இடத்தில் எண்ணெய் உதவும்: காதுக்குள் பூச்சி புகுந்து துடித்தால், ஓட்டை இல்லாத காதில் சூடில்லாத சமையல் எண்ணெயை நான்கு சொட்டு விட்டு அதைச் சாகடித்துவிட்டு கிளினிக்குக்கு வாருங்கள்.

இனிப்புநீர் உள்ள பெரியவர்களுக்குக் காதில் சீழும் ராத்தூக்கத்தைக் கெடுக்கும் கடும் வலியும் சேர்ந்து வந்தால் அது வெறும் காதுவலி இல்லை. கிருமி மண்டையோட்டின் அடி எலும்புக்குப் பரவும் நோய் ஒன்று உண்டு, வாய் கோணுவது அதன் அடுத்த கட்டம். அதற்கு ஆறு வாரம் போல ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். அவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

அப்பாவுக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம். நிமிர்ந்து படுக்க வைத்து நெற்றியில் ஐஸ் வைக்கிறோம். இருதயத்துக்காக ரத்தம் நீர்க்கும் மாத்திரை சாப்பிடுகிறார்.
*வாசகர், ஆயர் ஈத்தாம்*

படுக்க வைக்காதீர்கள். ரத்தம் தொண்டை வழியாக வயிற்றுக்குப் போய் வாந்தி வரும், எவ்வளவு போனது என்றும் தெரியாது. நாற்காலியில் உட்கார வைத்து முன்பக்கம் குனியச் சொல்லுங்கள். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மூக்கின் மெத்தென்ற கீழ்ப்பாதியை இரு பக்கமும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். மேலே எலும்பைப் பிடிப்பவர்கள்தான் அதிகம், எலும்பை அழுத்தி எதுவும் நிற்காது. கடிகாரம் பார்த்து 15 நிமிடம், நடுவில் நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்க்காமல். வாய்க்கு வரும் ரத்தத்தைக் கிண்ணத்தில் துப்பட்டும். அரைமணி நேரத்திலும் நிற்காவிட்டாலோ, முன்னால் நின்றும் தொண்டையில் வடிந்துகொண்டே இருந்தாலோ அவசரப் பிரிவு.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வார்ஃபரின் என்றால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவை அன்றே பார்க்கச் சொல்லுங்கள். நின்ற பிறகு பட்டாணி அளவு வாஸ்லினை மூக்கின் நடுத்தண்டில் காலை மாலை இரண்டு வாரம் தடவி வந்தால், ஏர்கண்டிஷன் காற்றில் காய்ந்து வெடிப்பது குறையும். அடிக்கடி வந்தால் ரத்தக்குழாயை வெள்ளி நைட்ரேட் குச்சியால் சுட்டுவிடுவார்கள். இரு பக்கத்தையும் ஒரே நாளில் எதிரெதிரே சுடுவதில்லை, நடுத்தண்டு ஓட்டையாகிவிடும்.

ஏழு வயது மகளுக்கு அடிக்கடி டான்சில் வீக்கம். ஆப்பரேஷன் செய்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடும் என்று மாமியார் தடுக்கிறார். செய்தால் பிறகு என்ன பார்க்க வேண்டும்?
*வாசகி, பிரிக்பீல்ட்ஸ்*

முதலில் எண்ணிப் பாருங்கள். ஓர் ஆண்டில் 7 முறை, அல்லது தொடர்ந்து இரண்டு ஆண்டு ஆண்டுக்கு 5 முறை, அல்லது மூன்று ஆண்டு ஆண்டுக்கு 3 முறை. இதுதான் மருத்துவர்கள் பார்க்கும் கணக்கு. வெறும் தொண்டைக் கரகரப்பு இதில் சேராது. 38.3 டிகிரிக்கு மேல் காய்ச்சல், டான்சிலில் வெள்ளைப் படலம், கழுத்தில் நெறிகட்டி வலி, இப்படி ஏதாவது ஒன்று கூட இருக்க வேண்டும். ஒரு நோட்டில் தேதி, காய்ச்சல் அளவு, பள்ளிக்குப் போகாத நாள் மூன்றையும் எழுதி வையுங்கள். ‘அடிக்கடி வருது டாக்டர்’ என்பதைவிட அந்த ஒரு பக்கம் நிறையச் சொல்லும். கணக்குக்குக் குறைவாக இருந்தால் பொறுத்திருங்கள், வயது ஏற ஏறப் பலருக்குக் குறைந்துவிடுகிறது.

எண்ணிக்கை பார்க்காமல் செய்ய வேண்டிய காரணம் ஒன்று உண்டு. குழந்தை பெரிதாகக் குறட்டை விட்டு, நடுநடுவே மூச்சு நின்று, திணறி விழித்தால் டான்சிலும், மூக்கின் பின்பக்கச் சதையான அடினாய்டும் மூச்சுப்பாதையை அடைக்கின்றன. தூங்கும்போது ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.

மாமியார் கவலை நியாயமானதுதான், ஆனால் அந்த வேலையைச் செய்யும் திசு நாக்கின் அடியிலும் தொண்டையைச் சுற்றியும் நிறைய இருக்கிறது. இரண்டு டான்சில் போவதால் குழந்தை நோயாளியாகிவிடுவதில்லை.

ஆப்பரேஷனுக்கு முன் 6 மணி நேரம் திட உணவும் பாலும் கூடாது. வெறும் தண்ணீர் பொதுவாக 2 மணி நேரம் முன்புவரை தரலாம், மயக்க மருத்துவர் சொல்வதே முடிவு. ஏழு வயதில் ஆடும் பல் இருக்கும், மறக்காமல் சொல்லுங்கள். மயக்கத்தில் விழுந்து மூச்சுக்குழாய்க்குள் போகக் கூடாது. சளி, காய்ச்சல் இருந்தால் தள்ளிவைப்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தாய்மார் பயப்படுகிறார்கள். டான்சில் இருந்த இடத்தில் வெள்ளையும் மஞ்சளுமாகப் படலம் கட்டும். சீழ் இல்லை, புண் ஆறும் பொருக்கு அது. வாய் நாறும். மூன்றாம் நாளுக்கு மேல் வலி குறையாமல் கூடும், ஒரு வாரம் போல இருக்கும். காதும் வலிக்கும். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பு கிளை விடுகிறது, காதில் கோளாறு இல்லை.

வலி மருந்தை அழுதால் தருவது என்று வைக்காதீர்கள், மணி பார்த்துக் கொடுங்கள். பாராசிட்டமோல் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணிக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு முறைக்கு மேல் கூடாது. 20 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 300 மில்லிகிராம். இங்கே ஃபார்மசியில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. முதலாவதில் 12.5 மில்லி, இரண்டாவதில் 6 மில்லி. புட்டியை மாற்றி வாங்கிப் பழைய அளவிலேயே ஊற்றுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஆஸ்பிரினும் கோடீனும் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

ஐஸ்கிரீம் மட்டும் தந்து படுக்க வைக்காதீர்கள். மென்று விழுங்கினால்தான் தொண்டைச் சதை அசையும், பொருக்கு சுத்தமாகும். மருந்து கொடுத்து அரைமணி கழித்து இட்லி, தோசை, கஞ்சி எதுவும் தரலாம். புளிப்பும் காரமும் எரியும், ரசத்தை இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். தண்ணீர் குடிக்காத பிள்ளைக்குத்தான் வலியும் ரத்தக்கசிவும் அதிகம்.

5 முதல் 10 நாளுக்குள் பொருக்கு உதிரும்போது ரத்தம் வரலாம். தூங்கும் பிள்ளை அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தால் விளக்கைப் போட்டு வாயைப் பாருங்கள், ரத்தத்தை விழுங்குகிறதோ என்று. புதுச் சிவப்பு ரத்தம் ஒரு கரண்டிதான் என்றாலும், நின்றுவிட்டது என்றாலும், நேரே ஆஸ்பத்திரி. உட்கார வைத்துத் துப்ப வைத்துக்கொண்டே போங்கள். இரண்டு வாரத்துக்குப் பள்ளி வேண்டாம், வெளியூர்ப் பயணமும் வேண்டாம்.

மூக்கடைப்புக்கு ஃபார்மசி ஸ்பிரே இரண்டு ஆண்டாக அடிக்கிறேன். இல்லாவிட்டால் தூக்கமில்லை. ஏர்கண்டிஷன் தொழிற்சாலையில் வேலை.
*வாசகர், பாயான் லெப்பாஸ்*

ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் என்று எழுதியிருக்கும் ஸ்பிரேக்கள் ஐந்து நாளுக்கு, மிஞ்சினால் ஒரு வாரத்துக்கு உரியவை. அவை ரத்தக்குழாயைச் சுருக்கி அடைப்பைத் திறக்கின்றன. வேகம் இறங்கியதும் சதை முன்னைவிட வீங்குகிறது, மறுபடி அடிக்கிறோம். இப்போது உங்கள் அடைப்புக்குக் காரணமே அந்த மருந்துதான்.

விடும் வழி: ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயை மருத்துவரிடம் கேட்டு வாங்கித் தொடங்குங்கள். பழைய ஸ்பிரேயை முதலில் ஒரு மூக்கில் மட்டும் நிறுத்துங்கள். அந்தப் பக்கம் அடைத்தாலும் மறுபக்கம் மூச்சு விட்டுத் தூங்கலாம். ஒன்றிரண்டு வாரத்தில் அது திறந்ததும் மற்றதையும் நிறுத்துங்கள். ஸ்டீராய்டு ஸ்பிரே அடித்தவுடன் திறக்காது, இரண்டு வாரம் தொடர்ந்தால்தான் தெரியும். ‘வேலை செய்யவில்லை’ என்று நான்காம் நாள் தூக்கிப் போடுபவர்களே அதிகம்.

அடிக்கும் முறையும் தவறாகவே நடக்கிறது. தலையைச் சற்றே குனியுங்கள். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. அப்போது நுனி தானாக வெளிப்பக்கம், அதே பக்கத்துக் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கித் திரும்பும். நடுத்தண்டில் அடித்தால் மருந்தும் வீண், ரத்தமும் கசியும். அடித்துவிட்டு வேகமாக உறிஞ்சாதீர்கள். தொண்டையில் கசப்புத் தெரிந்தால் மருந்து மூக்கில் நிற்கவில்லை என்று பொருள்.

அதற்குக் கால்மணி நேரம் முன் உப்புநீரால் கழுவுவது நல்லது: கொதித்து ஆறிய தண்ணீர் 240 மில்லி, அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக அயோடின் சேராத உப்பு, ஒரு சிட்டிகை சமையல் சோடா. குழாய்த் தண்ணீரை நேரே விடாதீர்கள். அரிதாக மூளையைத் தாக்கும் அமீபா அந்த வழியில்தான் போகிறது. தலையணை உறையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள், படுக்கைத் தூசுப் பூச்சிதான் நம் ஊர் மூக்குகளின் பெரிய எதிரி.

தைப்பூசத்துக்கு உறுமி மேளம் அடிக்கிறோம். இரவு முழுக்கக் காதில் ‘ஙொய்ங்’. மறுநாள் போய்விடுகிறது. பஞ்சு வைக்கிறோம், போதுமா?
*இளைஞர், புக்கிட் மெர்தாஜம்*

போதாது தம்பி. பஞ்சு சில டெசிபலைத்தான் குறைக்கும். மறுநாள் போய்விடுவதால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்காதீர்கள். அந்த இரைச்சல், உட்காதில் ஒலியை உணரும் முடியணுக்கள் அடிவாங்கியதன் சத்தம். ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. செத்தது மறுபடி முளைப்பதில்லை.

மலேசியாவின் 2019 வேலையிட இரைச்சல் விதிகள் 85 டெசிபலை 8 மணி நேர எல்லையாக வைக்கின்றன. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும்: 88க்கு 4 மணி, 94க்கு 1 மணி, 100க்கு 15 நிமிடம். விதி தொழிற்சாலைக்கு எழுதியது, காதுக்கோ தொழிற்சாலையும் தைப்பூசம் நடக்கும் தண்ணீர்மலையும் ஒன்றுதான். கைப்பேசிச் செயலியில் அளந்து பாருங்கள், துல்லியமில்லை என்றாலும் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று தெரியும்.

நுரை அடைப்பான் மலிவு. விரலிடையே உருட்டி மெல்லியதாக்கி, மறு கையால் காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு 30 விநாடி பிடித்திருங்கள், விரிந்து நிரப்பும். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பயனில்லை. தாளம் மங்கிக் கேட்கிறது என்றால் இசைக்கலைஞர்களுக்கான வடிகட்டி அடைப்பான் வாங்குங்கள், அது சத்தத்தைக் குறைக்கும், தாளத்தைக் கலைக்காது. குழுவில் எல்லோரும் ஆண்டுக்கு ஒருமுறை ஆடியோகிராம் எடுங்கள். முதல் பள்ளம் 4,000 ஹெர்ட்ஸ் அருகே விழும். பேச்சு நன்றாகக் கேட்கும் வயதிலேயே அது தெரிந்துவிடும்.

மூன்று வயது மகனுக்கு ஒரு மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி, இரண்டு வாரமாக.
*தாய், ஜிஞ்சாங்*

ஒரு பக்கம் மட்டும் நாறினால் உள்ளே ஏதோ இருக்கிறது என்றே பாருங்கள்: மணி, பஞ்சு, புளியங்கொட்டை, எதுவும். இடுக்கி விட்டு நோண்டாதீர்கள், பின்னால் நழுவி மூச்சுக்குழாய்க்குப் போகலாம். நாளை கிளினிக்கில் காட்டுங்கள்.

ஆனால் வீட்டில் ரிமோட், பொம்மை, கடிகாரம் எதிலாவது பொத்தான் பேட்டரி காணவில்லை என்றால் நாளை இல்லை, இப்போதே. ஈரமான சதையில் பட்டதும் மின்சாரம் ஓடிக் காரம் உண்டாகிறது. சில மணி நேரத்தில் சதை வெந்து, மூக்கின் நடுத்தண்டு ஓட்டையாகிவிடும். எந்தச் சொட்டும் விடாதீர்கள், தண்ணீர் பட்டால் எரிப்பு வேகமாகும்.

என் கணவர் சீனர், வயது 45. சளி இல்லாமலே இரண்டு மாதமாக வலது காது அடைப்பு. காலையில் துப்பும் சளியில் சில நாள் ரத்தக் கோடு. காதில் நீர் என்று மாத்திரை கொடுத்தார்கள்.
*வாசகி, ஜெலுத்தோங்*

இந்த வாரமே காட்டுங்கள். பெரியவர்களுக்கு, சளியில்லாமல், ஒரு காதில் மட்டும் நீர் கட்டினால் மூக்கின் பின்பக்கம் பார்க்காமல் விடக் கூடாது. நடுக்காதின் காற்றுக்குழாய் அங்கேதான் திறக்கிறது. அதன் பக்கத்துக் குழியில்தான் மூக்குத்தொண்டைப் புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குகிறது. தென்சீன வம்சாவளியினரிடம் அது அதிகம், மலேசியச் சீனர்களிடமும். காதடைப்பு, ரத்தம் கலந்த காலைச் சளி, கழுத்தில் வலியில்லாத கட்டி, மூன்றும் அதன் முதல் அறிகுறிகள். கழுத்துக்கட்டி வரும்வரை காத்திருந்தால் நோய் பரவத் தொடங்கியிருக்கும்.

உங்கள் கணவருக்கு அதுதான் என்று சொல்லவில்லை. வெறும் நீராகவும் இருக்கலாம். அதை அறியும் வழி எளிது: மரத்துப்போகும் மருந்து அடித்து மூக்கு வழியாகக் கேமரா குழாய் விடுவது, ஐந்து நிமிடம் பிடிக்காது. சந்தேகமான இடம் தெரிந்தால் சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். ஆரம்பத்தில் கண்டால் கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு நன்றாக மசியும் நோய் இது. காதை மட்டும் பார்த்துவிட்டு இன்னொரு மாத்திரை எழுதினால், மூக்கின் பின்பக்கத்தையும் இரு பக்கமும் கேமராவில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சளியில் ரத்தம் வந்த தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கையில் கொண்டுபோங்கள்.